ஒற்றைக் கண் பொம்மையும் உன் படத்தின் கடைசிச் சிரிப்பும்

தம்பி,

உன் படத்தை மூன்று தரம் பார்த்துவிட்டேன். முதல் தரம் உனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், நான் ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு தரமும் நீ கலியாண வீடியோ எடுக்க யாழ்ப்பாணம் போன பிறகு, அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியே பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், படம் பயமாகத்தான் இருக்கிறது. இருபது வயதில் நீ ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறாய். அந்த வயதில் நான் எடுத்தது ஓட்டம் மட்டும்தான், அதுவும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அடுத்த வருடம் நீ பிறந்தாய். ஆகவே எனக்கும் உனக்கும் வயது வித்தியாசம் இருபத்தொன்றுதான். உன் கூட்டாளிகள் என்னை அப்பா என்று கூப்பிடுவதா அண்ணை என்று கூப்பிடுவதா என்று தடுமாறுவது எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆனால் இந்தக் கடிதத்தைச் சந்தோசத்தில் எழுதவில்லை. சனிக்கிழமை ஆறரைக்கு வாசிகசாலை முன்றலில் உன் படம் ஓட இருக்கிறது. ஒலிபெருக்கி கட்டப்போகிறவன் நான். மைக் என் கையில். படம் ஓடுவதற்கு முதல் இந்தக் கடிதத்தை ஊருக்கு முன்னால் வாசிக்கப் போகிறேன். உனக்கு எழுதியதை ஊர் கேட்க முதல் நீ வாசிக்கவேண்டும் என்றுதான் உன் மடிக்கணினிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரிப் படங்களுக்கு இருட்டுத் தேவையில்லை என்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். நல்ல வெயில் இருக்கவேண்டும், பச்சை வயல் இருக்கவேண்டும், சிரித்த முகங்கள் இருக்கவேண்டும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய வழக்கமும், அது தெரியாத ஒரு வெளியாளும் இருக்கவேண்டும். "பேய் எங்கையெண்டு தேடாதேங்கோ அப்பா, ஊர்தான் பேய்" என்றாய். சரியாகத்தான் சொன்னாய், சொன்ன இடம்தான் பிழை. உன் படத்தில் வன்னியிலிருந்து வந்த ஒருவர் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கறுத்த நூல் கட்டுகிறார். வைரவர் கோயில் வேள்விக்கு வளர்த்த கிடாயின் கழுத்தில் ஒரு சூனியப் பொம்மை தொங்குகிறது. வேள்வியன்று கிடாயின் தலை ஒரே வெட்டில் விழாமல் வெட்டுப் பிழைக்கிறது. ஊர் திரண்டு போய் அவரை அடிக்கிறது. கடைசியில் அவருடைய எட்டு வயது மகள் கிணற்றுக்கட்டில் இருந்து, விரலில் கறுத்த நூலைச் சுற்றிச் சுற்றி, நேரே எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். அத்தோடு திரை இருள்கிறது.

"அப்ப அந்த மனிசன் சூனியம் செய்தவரோ இல்லையோ?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லமாட்டன் அப்பா. பாக்கிற ஆக்கள் யோசிக்கட்டும்."

"பெட்டை ஏன் சிரிக்கிறாள்?"

"அதையும் அவையே யோசிக்கட்டும்."

"எல்லாத்தையும் அவையே யோசிக்கிறதெண்டால் நீ என்னத்துக்கடா டைரக்டர்?"

குசினிக்குள் இருந்து அம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன், அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

குறியீடு, குறியீடு என்று நீ அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். எங்கள் காலத்தில் குறி சொல்வார்கள், குறி வைப்பார்கள், சில வேளை குறி தப்பும். உன் படத்தில் வருகிற பொம்மையில் ஏழு முள் குத்தியிருக்கிறது. ஏழு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் அழிவுக்கு ஏழு முள் என்றாய். பொம்மைக்கு ஒரு கண்தான். ஒரு கண் இந்த உலகத்துக்கு, இல்லாத கண் மற்ற உலகத்துக்கு என்றாய். அதன் இரத்தம், தலைமுடி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு விளக்கம் வைத்திருந்தாய். எல்லாம் ஊரில் நாலைந்து பேரிடம் கேட்டு எழுதியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. இருபத்துநாலு வருடமாக அவர்கள் நம்பிவருவதைத்தான் சொன்னார்கள். என்னிடம் நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். தம்பி, அந்தப் பொம்மையைச் செய்தவன் நான்.

எனக்கு அப்போது பதினேழு வயது. வன்னிப் பாதை திறந்து, சனம் போவதும் வருவதுமாக இருந்த காலம். ஊரில் என் பெயரைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்கள் சைக்கிளில் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோயில் தர்மகர்த்தா பொன்னம்பலத்தாரின் சைக்கிள் இருக்கைக்குக் கீழே ஆட்டு மணியைக் கட்டிவிட்டேன். அவர் போகிற தெரு, ஒழுங்கையெல்லாம் குட்டி ஆடுகள் பின்னால் போயின. அவர் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தார், ஆடுகளும் நின்று அவரைப் பார்த்தன. அந்தக் காட்சியை நீ எடுத்திருந்தால் உனக்குப் பரிசு நிச்சயம். மனிதர் கண்டுபிடித்துவிட்டார். வைரவர் வாசலில், பெட்டைகள் பூக்கட்டிக்கொண்டிருந்த இடத்தில் வைத்து, "உனக்கு அப்பன் இருந்தால் உப்பிடி ஆடுவியோ?" என்று கன்னத்தில் அறைந்தார். என் அப்பா அதற்கு முந்தின வருடம்தான் செத்திருந்தார். அறை ஆறிவிட்டது, கேள்வி ஆறவில்லை. அவரை நடுங்க வைக்கவேண்டும் என்று நினைத்தேன். அவருடைய கிடாய்தான் ஊரிலேயே பெரியது. ஒரு வருடமாகப் பிள்ளையைப் போலப் பிண்ணாக்குத் தீற்றி வளர்த்தது. வேள்வியில் முதல் வெட்டு அதற்குத்தான்.

இனி உன் குறியீடுகளுக்கு வருகிறேன். வேள்விக்கு முதல் நாள், உரும நேரம், அதாவது உச்சி வெயில் கொளுத்துகிற நேரம். அந்த நேரத்தில் முனி உலாவும் என்று ஒருவரும் வெளியே வரமாட்டார்கள், எனக்கு அது வசதி. சூப்பிப் போட்ட பனங்கொட்டை ஒன்றை எடுத்தேன். அதன் தும்புதான் நீ சொன்ன தலைமுடி. காற்சட்டைப் பையில் கிடந்த காரை முள்ளைக் குத்தினேன். ஏழுதான் கிடந்தது, எட்டு இருந்திருந்தால் எட்டும் குத்தியிருப்பேன். பொன்னம்பலத்தார் வீட்டில் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கண்ணுக்கு என் பள்ளிக்கூடச் சேட்டுப் பொத்தான். அடுத்த கண்ணுக்கு இன்னொரு பொத்தானைப் பிய்த்தால் என் அம்மா கொன்றுபோடுவா என்று ஒன்றோடு விட்டுவிட்டேன். இரத்தம் பீட்றூட் சாறு. மத்தியானக் கறிக்கு அரிந்து வைத்ததில் ஒரு துண்டு. அடுத்த நாள் அதை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்து "மனிச ரத்தம்" என்று சத்தியம் செய்தார் ஒருவர். பீட்றூட் தோட்டம் செய்கிற மனிதர் அவர்.

எல்லாம் செய்தேன், கட்டுவதற்குக் கயிறு கொண்டுபோக மறந்துவிட்டேன். பொன்னம்பலத்தார் வீட்டுக் கொட்டிலில் கிடாய் என் கையை நக்கிக்கொண்டு நின்றது. என் வலது மணிக்கட்டில் ஒரு கறுத்த நூல் இருந்தது. அதை அவிழ்த்துக் கட்டினேன். ஒரு நிமிட வேலை. ஏதோ சாதித்தது போல வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அந்த நூலை எனக்குக் கட்டியவர் நாகேசண்ணை. உன் படத்தில் நீ வேறு பெயர் வைத்திருக்கிறாய். பெயரை மாற்றினாய், அவருடைய கிணற்றை மாற்றவில்லை, அதே கிணற்றுக்கட்டில்தான் அந்தப் பிள்ளையை இருத்திப் படம் எடுத்திருக்கிறாய். அவர் மனைவியை வன்னியில் புதைத்துவிட்டு, மகள் பவானியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, வயல் ஓரத்தில் கொட்டில் போட்டுக் கோழி வளர்த்தவர். எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பிதற்றிக் கிடந்தபோது அம்மா அவரைக் கூப்பிட்டா. மூன்று முடிச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரற்கடை. அந்த முடிச்சு அவருடைய கையெழுத்து மாதிரி, ஊரில் எல்லாருக்கும் தெரியும். "நாப்பத்தொரு நாள் கழட்டாதை தம்பி" என்றார். நான் இருபத்தெட்டாம் நாள் கழற்றினேன். நீ நூல் பல படித்தவன், ஒரு நூலை அவிழ்த்தால் என்ன நடக்கும் என்பதை என்னிடம்தான் படிக்கவேண்டும்.

வேள்வியன்று காலை பொம்மையைக் கண்டதும் பொன்னம்பலத்தார் நடுங்கினார். நான் பூவரசுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பொம்மையைக் கழற்றி எறிந்துவிட்டு, கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூலத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். ஒரே வெட்டில் தலை விழவேண்டும் என்பது வழக்கம். வெட்டுகிற இராசண்ணை பதினைந்து வருடமாக ஒரு நாளும் பிழைக்காதவர். அன்று கத்தி தோளோரமாக இறங்கியது. கிடாய் கத்தவில்லை, ஒரு மனிதர் இருமுவது போலச் சத்தம் வந்தது. இரண்டாவது வெட்டு எலும்பில் நின்றது. கயிறு அறுந்து, தலை ஒரு பக்கம் தொங்க, அது சனத்துக்கு நடுவே ஓடியது. வெள்ளை வேட்டிகளில், குழந்தைகளின் முகங்களில், பூக்கட்டிய பெட்டைகளின் மடியில் எல்லாம் இரத்தம். கடைசியில் பொன்னம்பலத்தாரின் காலடியில் வந்து முழங்காலில் விழுந்து, அவரை அண்ணாந்து பார்த்தபடி கிடந்தது. அங்கேயே வைத்துக் கொத்திக் கொத்தி முடித்தார்கள். இராசண்ணையின் வெட்டு ஏன் பிழைத்தது? பொம்மையைக் கண்ட பயமா, முதல் நாள் குடித்த கள்ளா, வேறு ஏதுமா? அது எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் நீ திறந்து விடக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

வேள்வி முடிந்தது, கேள்வி தொடங்கியது. யார் செய்தது? எறிந்த பொம்மையைத் தேடி எடுத்தார்கள்.

"ஏழு முள்ளு. எங்கடை வீட்டில நாங்கள் ஏழு பேர்" என்றார் பொன்னம்பலத்தார்.

"ஒத்தைக் கண்ணைப் பாத்தனியளே? ஒரு சா விழப்போகுது."

"நூலைப் பாருங்கோ, நூலை! மூண்டு முடிச்சு!"

"உவன்தான். வன்னியால வந்த உவன்தான்."

தம்பி, ஒரு குறியை வைத்தவனுக்கு அதன்மேல் உரிமை கிடையாது என்பதை அன்று கண்டேன். நான் ஏழு முள்ளில் ஏழு முள்ளைத்தான் வைத்தேன். அவர்கள் அதில் ஏழு பிணத்தை எடுத்தார்கள். வெட்டுப் பிழைத்த அவமானம், கையில் ஏற்கெனவே கத்தி, வேட்டியில் இரத்தம். அப்படி நிற்கிற சனத்துக்கு எந்தக் குறியும் ஒரு ஆளைத்தான் காட்டும். ஊரில் உறவில்லாத, கேட்க ஆளில்லாத ஒரு ஆளை. அந்த நேரத்தில் நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். "அது பீட்றூட்" என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அந்தக் கத்திகள் என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன். எல்லாரோடும் சேர்ந்து நடந்தேன். போகிற வழியில் வேலியைப் பிய்த்து ஆளுக்கொரு கதியால் தடி எடுத்தார்கள். யாரோ எனக்கும் ஒன்று தந்தார்கள். பச்சைப் பூவரசங் கதியால், பாரமாக இருந்தது.

நாகேசண்ணை கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். எழும்பி, சிரித்து, "வாங்கோ, என்ன எல்லாரும்..." என்பதற்குள் முதல் அடி வாயில் விழுந்தது. பல்லும் தவிடும் இரத்தமும் ஒன்றாக நிலத்தில் கொட்டின. விழுந்தவரை இழுத்துக்கொண்டுபோய் அம்மிக்குப் பக்கத்தில் போட்டார்கள். "இந்தக் கைதானே கட்டினது?" என்று பொம்மையின் நூலைக் காட்டி ஒருவர் அவருடைய வலது கையை அம்மியில் விரித்துப் பிடிக்க, இன்னொருவர் குழவியைத் தூக்கிப் போட்டார். ஐந்து விரலுக்கும் ஐந்து தரம். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் குசினியை விட்டு வெளியே போவேன், நீ கவனித்திருப்பாய். மற்றவர்கள் கோழிகளின் கழுத்தைத் திருகித் திருகிக் கிணற்றுக்குள் எறிந்தார்கள். சில சாகாமல் தண்ணீரில் செட்டை அடித்தன. பவானி ஒரு வெள்ளைக் கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அதையும் பறித்தார்கள்.

அப்போது நாகேசண்ணை தலையைத் தூக்கினார். அத்தனை பேருக்குள் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து, பிறகு கதியாலைப் பிடித்திருந்த என் வலது கையைப் பார்த்தார். நூல் இல்லாத மணிக்கட்டு. அந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துப்போய் இருந்தது.

"தம்பி" என்றார். "கையில... நூலைக் காணேல்லை..."

பக்கத்தில் நின்றவர்களுக்கு அது பிதற்றல். எனக்கு மட்டும் விளங்கியது. அடுத்த வார்த்தை வந்தால் எல்லாருக்கும் விளங்கிவிடும். நான் அடித்தேன். ஒரே ஒரு அடிதான், தலைக்கும் தோளுக்கும் நடுவே. கோபத்தில் அடித்தவர்கள் அத்தனை பேருக்கும் நடுவில், கோபமே இல்லாமல், ஒரு வாயை மூடுவதற்காக அடித்தவன் நான் ஒருவன். அவர் மூடினார். அடுத்த கணம் என் கையில் ஏதோ பாய்ந்து பற்றியது. பவானி. மணிக்கட்டைக் கவ்வியவள் விடவில்லை. இரண்டு பேர் அவளுடைய தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் பிரித்தார்கள், சதையோடு போனாள். உனக்குச் சின்ன வயதில் அந்தத் தழும்பைக் காட்டி, நாய் கடித்தது என்று சொல்லி, குரைத்தும் காட்டியிருக்கிறேன். நாய் இல்லை, தம்பி. நீ சிரிக்க வைத்தாயே, அந்த வாய்தான்.

ஆசுப்பத்திரியில் அவர் "பனையால விழுந்தனான்" என்று சொன்னாராம். அவர் என் பெயரைச் சொன்னால் நான் தொலைந்தேன் என்று பல நாள் வாசல் படலைச் சத்தத்துக்கு நடுங்கினேன். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நினைக்கப் பயந்து, இன்னும் கொஞ்சம் பகிடி விட்டேன், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன். ஒலிபெருக்கி வேலைக்கு வந்ததும் அதற்காகத்தானோ தெரியாது, சத்தம் கூடிய இடத்தில் ஒன்றும் கேட்காது. அவர் மடங்காத விரல்களோடு பதினொரு வருடம் இருந்தார். பிறகு ஒரு மாரியில் செத்தார். தூக்க நாலு பேர் வரவில்லை, கோழித்தீன் கொண்டுவருகிற லாண்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பவானிக்கு மூன்று சம்பந்தம் வந்து, மூன்றும் ஒழுங்கை முகப்போடு திரும்பின. யாரோ ஒருவர் அந்த முகப்பில் நின்று "சூனியக்காரன்ரை மேள்" என்று சொல்லி அனுப்பினார். உனக்கும் அந்த அக்காவைத் தெரியும். எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோழி அவளிடம்தான். நான் அங்கே வாங்கியது ருசிக்காக என்று அம்மா நினைக்கிறாள்.

இப்போது உன் முடிவைப் பற்றிக் கதைக்கிறேன். நீ அதைத் திறந்த முடிவு என்கிறாய். எழுதினவனுக்கே தெரியாததால் திறந்து கிடக்கிற முடிவு ஒன்று இருக்கிறது, அதற்கு நான் தலை வணங்குகிறேன். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பதால் திறந்து கிடக்கிற முடிவு இன்னொன்று. உன்னுடையது இரண்டாவது, ஆனால் வாயை மூடினவன் நீ இல்லை, நான். என்னுடைய மௌனத்தை எடுத்து நீ அழகாக ஒளியமைத்திருக்கிறாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுச் சனம் கதிரையை மடக்கிக்கொண்டு போகும்போது "அப்ப அவளுக்கும் தெரியுமோ?" என்று கேட்கும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும். விடை தெரியாத அந்தக் கேள்வியோடு ஒழுங்கை முடிவில் தனியாக இருக்கப்போவது ஒரே ஒரு ஆள்தான். நடிக்க வந்த பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. பவானி அதே கிணற்றில்தான் குளிக்கிறாள். எந்தப் படத்தின் முடிவைப் பார்த்தாலும் இதை ஒருமுறை கேள்: விளக்குப் போட்ட பிறகு இந்தச் சந்தேகம் யாருடைய வீட்டுக்குப் போகிறது?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவளிடம் போனேன். ஒரு கோழியின் செட்டையை மடக்கிக் காலுக்குக் கீழே வைத்து, கத்தியைப் பிடித்திருந்தாள்.

"வாங்கோ அண்ணை. ஒண்டோ ரெண்டோ?"

"இறைச்சிக்கு வரேல்லை பவானி."

"பின்னை?"

"ஒரு கதை சொல்லவேணும்."

"கதையெண்டால் கொஞ்சம் பொறுங்கோ. இதை முடிச்சிட்டு வாறன்."

பொறுத்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். "கிடாயின்ரை கழுத்தில கிடந்த பொம்மை... அது நான் செய்தது. நூல் என்ரை கையில கட்டினது."

கத்தி நிற்கவில்லை. ஒரே வெட்டு. அது துடித்து அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"தெரியும்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற நான் அடங்கின கோழியைப் பார்த்தேன்.

"அப்பா அண்டைக்குப் பின்னேரமே சொன்னவர், ஆசுப்பத்திரி மரவாங்கில இருந்துகொண்டு."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சூனியக்காரன்ரை மேள் சொன்னால் ஆர் நம்புவினம்?" கோழியைச் சுடுதண்ணீரில் தோய்த்தாள். "அப்பா சொன்னவர், அது சின்னப் பெடியன், பயத்தில அடிச்சிட்டுது, தானாய் வந்து சொல்லும், அதுமட்டும் நீ கதைக்காதை எண்டு. படலையில சத்தம் கேட்டால் எட்டிப் பாப்பர். பதினொரு வருசம் பாத்தவர்."

கோழியை வெளியே எடுத்து இறகு பிடுங்கத் தொடங்கினாள்.

"சனிக்கிழமை உங்கடை மகன்ரை படமாம்?"

"ஓம். ஆறரைக்கு. அதுக்கு முதல் நான் மைக்கில எல்லாத்தையும் சொல்லப்போறன்."

"வாறன்" என்றாள். "முன்னுக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கோ. பக்கத்தில போடத் தேவையில்லை. ஒருத்தரும் வந்து இருக்கமாட்டினம்."

நான் கேட்காமலே அந்தக் கோழியைத் துண்டு துண்டாக வெட்டிப் பையில் போட்டுத் தந்தாள். "ஈரலும் போட்டிருக்கிறன். மகனுக்கு விருப்பமெண்டு முந்திச் சொன்னனீங்கள்."

அன்று மத்தியானம் நீ சாப்பிட்டுவிட்டு, "ஈரல் நல்லாயிருக்கு" என்று விரலைச் சூப்பினாயே, அந்த ஈரல்தான். நான் ஒரு துண்டும் தொடவில்லை. குறியீடு படித்தவன் நீ, சொல்லு: மன்னிப்பா, தண்டனையா, வழக்கமான வியாபாரமா? அவள் கத்தியைக் கழுவின விதத்தை, படலைவரை வந்து நின்ற விதத்தை எல்லாம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். அதற்கு விளக்கம் சொல்கிற உரிமை எனக்கு இல்லை. அது அவளுடையது.

உன் படத்தை நிற்பாட்டு என்று சொல்லவில்லை. கடைசிக் காட்சியை வெட்டு என்றும் சொல்லவில்லை, எங்கள் ஊரில் அது பாரமான சொல். இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நீயே தீர்மானி. அந்தப் பிள்ளையின் சிரிப்புக்குப் பதில் என் மணிக்கட்டை எடுக்க விரும்பினால், நான் எந்த வெயிலிலும் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். சனிக்கிழமை பார்க்க வருகிறவர்களில் ஆறேழு பேருக்குப் பச்சைப் பூவரசங் கதியாலின் பாரம் தெரியும். நான் யாருடைய பெயரையும் வாசிக்க மாட்டேன், என்னுடையதைத் தவிர. அவர்கள் எழும்பிப் போகலாம், மைக்கைப் பறிக்கலாம், கல்லும் வரலாம். இத்தனை வருடம் கழித்து வந்தாலும் அது எனக்கு வரவேண்டிய கல்தான். நீ குறுக்கே வராதே.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். பவானி ஒரு கதிரை கேட்டாள். நான் இரண்டு போடுவேன். நான் எவ்வளவு உரத்து வாசித்தாலும், அவளுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடந்தால் ஊர் பழைய ஊர்தான். ஆகவே படத்தை ஓட விட்டுவிட்டு புரொஜெக்டரோடு ஒதுங்கி நிற்காதே. எல்லாரும் பார்க்க நடந்து வந்து, அந்தக் கதிரையில் இரு. எழும்பிப் போ என்று அவள் சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் எழும்பிப் போ. சொல்லாவிட்டால், கடைசிவரை இரு.

அப்பா